நம்ம ஊர்ல ஏன் இல்லை? - வெளிநாடுகளில் ஏங்கவைக்கும் 7 அன்றாட வசதிகள்... பின்னால் இருக்கும் கதை!

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பையனோ, கூடப் படித்த தோழியோ வீடியோ கால் போட்டால் கடைசியில் பேச்சு எங்கே போய் நிற்கும்? "இங்கெல்லாம் அப்படி இல்லடா, எல்லாம் ஈஸியா முடிஞ்சிரும்" என்ற இடத்தில்தான். கேட்டதும் நமக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் ஏக்கம்.

கவனித்துப் பாருங்கள். அந்த ஏக்கம் வானுயர்ந்த கட்டடங்களையோ புல்லட் ரயிலையோ பார்த்து வருவதில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை தேட வேண்டியதில்லை, தாகம் எடுத்தால் தெருக்குழாயில் நம்பிக் குடிக்கலாம், அவசரத்துக்குக் கழிவறை கிடைக்கும் என்பது மாதிரியான சின்ன விஷயங்களைப் பார்த்துத்தான் வருகிறது. புல்லட் ரயிலில் தினமும் யாரும் போகப்போவதில்லை. தண்ணீரும் கழிவறையும் எல்லோருக்கும் தினமும் வேண்டும்.

"அவங்க பணக்கார நாடு" அல்லது "அவங்களுக்கு ஒழுக்கம் இருக்கு" என்று இரண்டே பதிலில் இதை நாம் முடித்துவிடுவோம். ஆனால், ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் ஒரு சட்டம், ஒரு சண்டை, ஒரு மனிதரின் பிடிவாதம், அதற்கு யாரோ கொடுக்கும் விலை என்று ஒரு கதை இருக்கிறது. அப்படி ஏழு கதைகளைப் பார்ப்போம். கூடவே, நம்ம ஊரில் அதற்கான விதை எங்கே இருக்கிறது என்பதையும்!

1. காலி பாட்டிலுக்குக் காசு - ஜெர்மனி

ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பலரும் கையில் ஒரு பை நிறையக் காலி பாட்டில்களோடு போவார்கள். கடை வாசலில் அல்லது உள்ளே ஓர் இயந்திரம் இருக்கும். அதன் வாயில் பாட்டிலை வைத்தால் அது உருட்டிப் பார்த்து, மேலே இருக்கும் குறியீட்டைப் படித்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் போட்டு முடித்ததும் பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதை பில் கவுன்ட்டரில் கொடுத்தால் வாங்கிய சாமானில் கழித்துக்கொள்வார்கள். ஒன்றும் வாங்கவில்லையா? காசாகவே தந்துவிடுவார்கள்.

இதற்கு அங்கே 'ஃபாண்ட்' என்று பெயர். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின் என்றால் 25 சென்ட். நம்ம காசுக்கு ஏறக்குறைய 25 ரூபாய். திரும்பத் திரும்ப நிரப்பும் கண்ணாடி பாட்டிலுக்கு 8 அல்லது 15 சென்ட். பானம் வாங்கும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது நம் கைக்கே வந்துவிடும்.

இது காலங்காலமாக வந்த பழக்கம் இல்லை. ஒரு முறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 2003 ஜனவரி 1-ல்தான் சட்டப்படி கட்டாயமானது. பான நிறுவனங்களும் கடைகளும் கடுமையாக எதிர்த்தன. ஆரம்பத்தில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற குழப்பமும் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் திட்டம் ஓடத் தொடங்கியது. 2022-ல் ஜூஸ் பாட்டில்கள், 2024-ல் பால் பாட்டில்கள் என்று வட்டம் விரிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. வயதானவர்கள், வேலை இல்லாதவர்கள் எனப் பலர் பாட்டில் பொறுக்கித்தான் கைச்செலவைச் சமாளிக்கிறார்கள். அவர்கள் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டுக் காயப்படக் கூடாது என்பதற்காக, பாட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று அங்கே பிரசாரமே நடக்கிறது. பணக்கார நாட்டிலும் காலி பாட்டில் ஒருவருக்குச் சாப்பாடாக இருக்கிறது.

நம்ம ஊரில்? 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில்களுக்கு இதே முறை வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த மாற்றம் இது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஜெர்மனியோடு ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாட்டிலை வாங்க இயந்திரம். இங்கே ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் கடை ஊழியர். வேலைப்பளு, இட நெருக்கடி என்று அவர்கள் எதிர்ப்பு தெரிவிப்பதன் காரணமும் அதுதான்.

2. "இன்னிக்குப் போதும், இனிமே ஃப்ரீ!" - லண்டன் பஸ்ஸும் ரயிலும்

லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையிலிருந்து ரொக்கமே வாங்குவதில்லை. ஏறும்போது வங்கிக் கார்டையோ மொபைலையோ 'பீப்' என்று தொட்டால் போதும். கண்டக்டர் இல்லை, டிக்கெட் இல்லை, "சில்லறையா குடுங்க" என்ற சண்டையும் இல்லை.

உண்மையான அருமை இதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரு நாளில் நீங்கள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், குறிப்பிட்ட ஓர் உச்சவரம்பைத் தாண்டி உங்களிடம் காசு எடுக்கமாட்டார்கள். அன்றைய தொடுதல்களையெல்லாம் கணினி இரவில் கூட்டிப் பார்த்து, எந்தக் கணக்கு உங்களுக்குக் குறைவோ அதை மட்டும் ஒரே தொகையாக எடுத்துக்கொள்ளும். திங்கள் முதல் ஞாயிறு வரை வாராந்தர வரம்பும் உண்டு. அதாவது, மாதத் தொடக்கத்தில் மொத்தமாக பாஸ் வாங்கக் காசு இல்லாதவருக்கும் பாஸின் லாபம் கிடைத்துவிடுகிறது.

பஸ்ஸில் இன்னொரு சலுகை. முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

லண்டனின் வழக்கமான சிவப்பு பஸ்கள் எல்லாவற்றிலும் தரை தாழ்வாக இருக்கும். சக்கர நாற்காலி ஏற சாய்வுப் பலகை வெளியே நீளும். அடுத்த நிறுத்தம் எது என்று குரலும் எழுத்தும் சொல்லும். ஆனால், சுரங்க ரயிலில் கதை வேறு. 1863-ல் தொடங்கிய பழைய அமைப்பு என்பதால், மொத்த நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் படிக்கட்டு ஏறாமல் போய்வர முடியும். நம்ம சென்னை மெட்ரோ இந்த விஷயத்தில் முன்னால் நிற்கிறது.

கட்டணத்தையும் சொல்லிவிடுவோம். 2023 மார்ச்சில் லண்டன் பஸ் கட்டணம் 1.75 பவுண்டு ஆக்கப்பட்டது. சுமார் 200 ரூபாய்! சென்னை மாநகரப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து அதுவும் இல்லை. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. அடுத்து நாம் கேட்க வேண்டியது அந்த உச்சவரம்பு முறையைத்தான்.

3. காலுக்குப் படிக்கத் தெரிந்த தெரு - ஜப்பான்

சென்னை மெட்ரோ நிலையத்தில் தரையில் ஓடும் மஞ்சள் நிறக் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். டிசைனுக்காகப் போட்டது என்று நினைத்து அதன்மேல் டிராலி பேக்கை உருட்டியும் இருப்பீர்கள். அது பார்வையற்றவர்களுக்கான சாலை. நீளக் கோடுகள் இருந்தால் 'நேரே போ' என்று அர்த்தம். புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி' என்று அர்த்தம். படிக்கட்டோ, சாலையோ, பிளாட்ஃபார விளிம்போ முன்னால் இருக்கிறது. காலாலும் கைத்தடியாலும் படிக்கும் எழுத்து இது.

இதைக் கண்டுபிடித்தவர் செய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். பார்வை இழந்துகொண்டிருந்த நண்பருக்கு உதவ நினைத்து, 1965-ல் தன் சொந்தக் காசைப் போட்டு இதை உருவாக்கினார். 1967 மார்ச் 18-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் இருந்த சாலைச் சந்திப்பில் முதன்முதலாகப் பதித்தார்கள். பிறகு ஜப்பான் ரயில் நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம்ம ஊர் மெட்ரோ தரையில் இருப்பதும் அந்த ஒகயாமா கட்டையின் வாரிசுதான்.

அப்படியானால் நம்மிடமும்தான் இருக்கிறதே, பிறகு என்ன குறை? மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து நடைபாதையில் பாருங்கள். கோடு நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டும். இல்லையென்றால் நிறுத்திவைத்த பைக்கில் முட்டும். நடுவில் நாலு கட்டை பெயர்ந்திருக்கும். சில இடங்களில் கோடு போட வேண்டிய இடத்தில் புள்ளியைப் போட்டிருப்பார்கள். பார்வையற்ற ஒருவருக்கு இது தப்பான வழிகாட்டிப் பலகை மாதிரி. இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அணுகல் வசதிக்கான விதிமுறைகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த மஞ்சள் கோட்டில் நாம் பைக்கை நிறுத்தாமல் இருப்பதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. தினமும் யாருடைய கையையும் பிடிக்காமல் வேலைக்குப் போய்வர நினைக்கும் ஒருவரின் வழி அது.

4. நம்பிக் குடிக்கலாம் - ரோம், ஜூரிச் தெருக்குழாய்கள்

ரோம் நகரத் தெருக்களில் இடுப்புயர இரும்புத் தூண் ஒன்று நிற்கும். அதிலிருந்து வளைந்த குழாயில் எந்நேரமும் தண்ணீர் கொட்டும். குழாயின் வளைவு மூக்கு மாதிரி இருப்பதால் 'நசோனே', அதாவது 'பெரிய மூக்கு' என்று செல்லப்பெயர். 1874-லிருந்து இருக்கிறது. நகரத்தில் சுமார் 2,500 நசோனேக்கள் உண்டு. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். குனியாமல் அப்படியே குடிக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன. பார்க்க அலங்காரச் சிலை மாதிரி இருந்தாலும், பெரும்பாலானவற்றில் தண்ணீர் குடிக்கக்கூடியதுதான். அதில் ஒரு பகுதி நகரத்தின் வழக்கமான குழாய்களோடு சேராமல், தனி ஊற்றுநீர் வலைப்பின்னலிலிருந்து வருகிறது. பெரிய விபத்தோ நெருக்கடியோ வந்து நகரக் குழாய்கள் நின்றுபோனாலும் மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

இதற்கும் எல்லை உண்டு. 2017-ல் இத்தாலியில் கடும் வறட்சி வந்தபோது, எந்நேரமும் ஓடும் இந்தத் தண்ணீர் வீண் என்ற பேச்சு கிளம்பி, ரோமில் நசோனேக்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். வீடில்லாதவர்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பது நமக்குப் புதுசா என்ன? தண்ணீர்ப் பந்தலும் திண்ணைப் பானையும் நம் ஊர் வழக்கம்தானே. சித்திரை வெயிலில் இப்போதும் கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு மோர் தருகிறார்கள். வைகாசி முடிந்தால் பந்தலும் போய்விடும். மற்ற மாதங்களில் 20 ரூபாய் பாட்டில்தான். வீட்டிலேயே கேன் தண்ணீர்தான். அரசே 2013-ல் 10 ரூபாய்க்கு 'அம்மா குடிநீர்' விற்றதுகூட பாட்டிலில்தான்.

இந்தியாவில் முடியாது என்று சொல்ல முடியாத மாதிரி ஒரு நகரம் இருக்கிறது. ஒடிசாவின் பூரி. 2021 ஜூலையிலிருந்து வீட்டுக் குழாயிலேயே 24 மணி நேரமும் நேரடியாகக் குடிக்கக்கூடிய தண்ணீர் தரும் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஜெகந்நாதர் கோயிலுக்கு வரும் பக்தர்களுக்காகத் தெருவிலும் குடிநீர்க் குழாய்கள் வைத்தார்கள். ஐரோப்பாவைக் காட்ட வேண்டியதில்லை. பூரிக்குப் போகும் ரயிலில் ஏறினால் போதும்.

5. "உள்ளே வாங்க, பரவாயில்லை" - கழிவறை

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நம்ம ஊருக்குக் கொண்டுவரலாம் என்றால், பல பெண்கள் இதைத்தான் கேட்பார்கள். வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. மார்க்கெட்டில் காலை 5 மணிக்குப் பூ விற்க உட்காரும் அக்கா, டெலிவரி வண்டி ஓட்டும் தங்கை, ஜவுளி வாங்க வந்த சித்தி என எல்லோருடைய கணக்கும் ஒன்றுதான். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

ஜெர்மனியின் ஆலென் என்ற சிறிய நகரத்தில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. புதிதாகக் கழிவறை கட்டிப் பராமரிக்க எக்கச்சக்கமாகச் செலவாகும். ஏற்கெனவே ஹோட்டல், கடைகளில் கழிவறை இருக்கிறது. அதையே பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னால் என்ன? சம்மதிக்கும் கடைக்கு நகராட்சி மாதாமாதம் ஒரு தொகை தரும். கடை வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 'நெட்டே டாய்லெட்டே', அதாவது 'அன்பான கழிவறை' என்று பெயர். அந்த ஸ்டிக்கர் இருந்தால் ஒரு காபிகூட வாங்காமல் உள்ளே போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான நகராட்சிகளில் இந்தத் திட்டம் இருக்கிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 17 பொதுக் கழிவறைகளைப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்தே கட்டினார்கள். முதல் கழிவறைகள் 2020-ல் திறக்கப்பட்டன. ஷிகெரு பான் வடிவமைத்தவற்றின் சுவர்கள் வண்ணக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். உள்ளே போய்த் தாழ் போட்டதும் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். கேலியாகத் தோன்றலாம். ஆனால், சுத்தமாக இருக்கிறதா, உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்ற இரண்டு பயத்துக்கும் அது பதில். அங்கே துப்புரவு செய்யும் ஒருவரின் வாழ்க்கையைத்தான் விம் வெண்டர்ஸ் 2023-ல் 'பர்ஃபெக்ட் டேஸ்' என்று படமாக எடுத்தார். கட்டடத்தைவிட முக்கியம், அதைத் தினமும் சுத்தம் செய்ய ஆள் இருப்பதும், அந்த ஆளுக்கு மரியாதை இருப்பதும்.

எல்லா நாடும் இப்படி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவின் பல ரயில் நிலையங்களில் கழிவறைக்குக் காசு. கையில் நாணயம் இல்லையென்றால் சிரமம்தான்.

நம்ம ஊரில் ஆலென் மாடலுக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு ஸ்டிக்கர், ஒரு மாதத் தொகை, கூடவே கடைக்காரரின் மனசு போதும். பெரிய பஜார் தெரு ஒவ்வொன்றிலும் பத்து கடை சம்மதித்தாலே எத்தனை பேர் வீட்டிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்!

6. பெட்டி தனியே போகும், நீங்கள் சும்மா போகலாம் - ஜப்பான் பார்சல்

ஜப்பானில் சுற்றுலாப் பயணிகள் பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு ரயில் ஏற வேண்டியதில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்கோ விமான நிலையத்துக்கோ அது தனியாகப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக்கு வரும் பார்சலை எந்த நேர இடைவெளியில் கொண்டுவர வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். வீட்டில் ஆள் இல்லையென்றால் சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மறுபடி கொண்டுவரக் காசு கிடையாது. ஐஸ்கிரீமையும் மீனையும்கூடக் குளிர் குறையாமல் அனுப்பலாம்.

'தக்யூபின்' என்ற இந்தச் சேவையை யமாதோ நிறுவனம் 1976 ஜனவரியில் தொடங்கியது. முதல் நாள் வந்த பார்சல்கள் எத்தனை தெரியுமா? 11! அப்போதைய தலைவர் மசாவோ ஒகுரா, பெரிய கம்பெனிகளின் சரக்கை விட்டுவிட்டு வீட்டுப் பார்சலை நம்பி இறங்கினார். புதிய வழித்தடங்களுக்கு உரிமம் தராமல் இழுத்தடித்த போக்குவரத்து அமைச்சகத்தோடு வருடக்கணக்கில் மோதினார். 24 மணி நேரக் கடைகளில் பார்சலைக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு வந்ததும் சேவை நாடு முழுக்க வேரூன்றியது.

இதற்கு விலை கொடுத்தது யார்? ஓட்டுநர்கள். ஆன்லைன் ஷாப்பிங் பெருகப் பெருக, அவர்களுக்குச் சாப்பிட நேரம் இல்லாமல் போனது. கொடுக்கப்படாத ஓவர்டைம் பிரச்னை வெடித்தது. 2017-ல் மதியம் 12 முதல் 2 மணி வரையிலான டெலிவரி நேரத்தையே நிறுவனம் நீக்கிவிட்டது. ஓட்டுநர்கள் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பதற்காக! 2024 ஏப்ரலிலிருந்து லாரி ஓட்டுநர்களின் ஓவர்டைம் வருடத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமும் வந்தது.

பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வரும் ஊரில் இருக்கும் நாம் இந்தக் கதையை இரண்டு முறை படிக்கலாம். வேகத்தில் நாம் ஜப்பானைத் தாண்டிவிட்டோம். கதவைத் தட்டும் தம்பி மதியம் சாப்பிட்டாரா என்ற கேள்வியில் இன்னும் பின்னால்தான் இருக்கிறோம்.

7. "ஜெராக்ஸ் வேண்டாம்" - எஸ்டோனியா

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, அதற்கு ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு போட்டோ... காலேஜ் அட்மிஷன் நேரத்தில் இந்தப் பட்டியலைச் சுமக்காத வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதா? அரசு கொடுத்த காகிதத்தை அரசிடமே காட்ட நாம் வரிசையில் நிற்கிறோம்.

வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் எஸ்டோனியாவில் இதற்கு நேர் எதிரான கொள்கை. ஒரு தகவலை ஓர் அரசுத் துறையிடம் நீங்கள் ஒருமுறை கொடுத்துவிட்டால், இன்னொரு துறை அதை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது. அவர்களுக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்காக 2001-ல் 'எக்ஸ்-ரோட்' என்ற இணைப்பு வந்தது. எல்லாத் தகவலையும் ஒரே கிடங்கில் கொட்டிவைக்கவில்லை. அந்தந்தத் துறையில் இருப்பது அங்கேயே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் பாதுகாப்பான வழியில் கேட்டுப் பெறுவார்கள். 2002-ல் டிஜிட்டல் அடையாள அட்டை வந்தது. வருமான வரிக் கணக்கை அரசே நிரப்பிவைத்திருக்கும். பார்த்து, சரி என்று சொன்னால் சில நிமிடங்களில் முடிந்தது. 2005-லிருந்து உள்ளாட்சித் தேர்தலில் இணையத்தில் ஓட்டும் போடுகிறார்கள்.

இதில் மிக முக்கியமான அம்சம், உங்கள் தகவலை எந்தத் துறை எப்போது பார்த்தது என்பதை நீங்கள் பார்க்கலாம். காரணம் இல்லாமல் பார்த்திருந்தால் கேள்வி கேட்கலாம், நடவடிக்கையும் உண்டு. அரசு உங்களைப் பார்ப்பது மாதிரியே நீங்களும் அரசைப் பார்க்கிறீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. 2017-ல் அடையாள அட்டையின் சிப்பில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, சுமார் 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. அரசு அதை மறைக்காமல் அறிவித்து, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது. இன்னொன்று, அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 13 லட்சம்தான். நம் மாநிலத்தின் ஒரு பெரிய நகரம் அளவு. அவர்கள் செய்ததை நாளைக்கே நாமும் செய்துவிடலாம் என்பது நியாயம் இல்லை.

நம்மிடம் இ-சேவை மையம் இருக்கிறது. 2015-லிருந்து டிஜிலாக்கரும் இருக்கிறது. காகிதம் மொபைலுக்கு வந்துவிட்டது. இன்னும் அதைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுவரச் சொல்லும் கவுன்ட்டர் மட்டும் மாறவில்லை. தினக்கூலி வாங்கும் ஒருவருக்கு ஒரு சான்றிதழுக்கான அலைச்சல் என்பது ஒரு நாள் சம்பளம்.

அவங்க ஏங்கும் நம்ம ஊர் வசதிகள்!

ஏக்கம் ஒருவழிப் பாதை இல்லை. வெளிநாடு போன நம்ம ஆட்கள் முதல் மாதத்திலேயே புலம்பும் விஷயங்கள் இவை.

* யுபிஐ: 2016-ல் வந்தது. இளநீர் வண்டியில்கூட ஸ்கேன் பண்ணலாம். ஜெர்மனியில் இன்னும் சில ஹோட்டல்களில் ரொக்கம் மட்டும்தான். 2023-ல் சிங்கப்பூரின் பேநௌவோடு யுபிஐ இணைந்தது. 2024-ல் இலங்கைக்கும் போனது.

* ஞாயிற்றுக்கிழமைக் கடை: ஜெர்மனியில் ஞாயிறு அன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. அதற்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு உண்டு. சனிக்கிழமை மறந்துவிட்டால் திங்கள்தான். ஊழியர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் ஒரு நல்ல வசதிதான்!

* ரிப்பேர்: பேன்ட் ஜிப், குக்கர் கைப்பிடி, மிக்ஸி ஜார், செருப்பு வார் என எதுவாக இருந்தாலும் தெருமுனையில் ஆள் உண்டு. அங்கே பல நேரங்களில் சரிபார்க்கும் கூலியைவிடப் புதுசு மலிவு.

* டாக்டர்: பல நாடுகளில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே சாயங்காலம் டோக்கன் போட்டால் ராத்திரி பார்த்துவிடலாம்.

* இலவசப் பேருந்து: 2020-ல் லக்சம்பர்க் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியபோது உலகமே பேசியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்தது.

* கொசுறு: கறிவேப்பிலை, கொத்தமல்லி. எந்த நாட்டு சூப்பர் மார்க்கெட்டிலும் இதற்கு பட்டன் இல்லை!

ஏழுக்கும் பொதுவாக இருப்பது என்ன?

முதலில், எல்லாவற்றிலும் தெளிவான ஒரு விதி இருக்கிறது. 25 சென்ட், ஒரு மணி நேரம், ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்று யாருக்கும் புரியும் விதி. இரண்டாவது, பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். திறப்பு விழாவோடு முடிவதில்லை. மூன்றாவது, சரியாக நடந்துகொள்வது சுலபமாகவும் லாபமாகவும் இருக்கிறது. ஜெர்மன்காரர் பாட்டிலைத் தெருவில் வீசாததற்கு ஒழுக்கம் மட்டும் காரணம் இல்லை, அதில் 25 சென்ட் இருக்கிறது. நான்காவது, யாருக்கு அது மிகவும் தேவையோ அவரை மனதில் வைத்துத் தொடங்கியிருக்கிறார்கள். பார்வையற்ற நண்பருக்காகப் போட்ட கட்டைதான் உலகம் முழுக்கப் பரவியது.

நீங்கள் அங்கே போகிறீர்கள் என்றால்...

* லண்டனில் நாள் முழுக்க ஒரே கார்டை அல்லது ஒரே மொபைலைத் தொடுங்கள். கார்டு ஒருமுறை, மொபைல் ஒருமுறை என்று மாற்றினால் இரண்டு பேர் கணக்காகிவிடும், உச்சவரம்பு கிடைக்காது. இந்திய வங்கிக் கார்டு என்றால் அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே வங்கியில் கேளுங்கள்.

* ஜெர்மனியில் பாட்டிலை நசுக்காதீர்கள். குறியீடு படிக்க முடியாமல் இயந்திரம் திருப்பித் தள்ளும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

* ரோமுக்கும் ஜூரிச்சுக்கும் காலி தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள். குடிக்கக் கூடாத நீரூற்று என்றால் பலகை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஜப்பானில் பார்சல் வசதி அருமை. ஆனால், தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். ஒரு சின்னப் பையில் குப்பையைச் சேர்த்துவைத்து அறைக்குக் கொண்டுவருவதுதான் அங்கே வழக்கம்.

நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள் என்றால்...

சென்னையில் உடைந்த நடைபாதை, பூட்டிக்கிடக்கும் பொதுக் கழிவறை, பெயர்ந்த மஞ்சள் கட்டை ஆகியவற்றைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரின் எண் உங்கள் மொபைலில் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த ரீல்ஸுக்குப் போகும் முன்பு அதைத் தேடிச் சேமித்துவைத்துவிடுங்கள்!